பிடி அரிசி



2022ஆம் ஆண்டை நாம் எளிதில் மறவோம். எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் நீண்ட வரிசைகள். வீட்டுத்தோட்டம் செய்யவென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறைகூட வழங்கப்பட்டது. அவ்வேளை சிலர் கடன்பட்டும் மூடை மூடையாக வாங்கி அடுக்கினர். அரிசியில் வண்டு பிடித்தது. அயல்வீட்டாருக்கோ கடையில் ஒரு கிலோவும் கிட்டவில்லை.

நம் அன்னையர் அறிந்த வழி வேறு. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை முட்டியில் போட்டுவைப்பர். வீட்டார் எவரும் அதனை உணர்வதில்லை. ஆயினும் மாதமுடிவில் சில நாட்களுக்கு அது உணவாகும். பனங்கிழங்கு மலிந்த காலத்தில் ஒடியலும் புழுக்கொடியலும் உலர்த்திச் சேமிப்பர். கிணற்றடி நீர் வாழைக்குப் பாயும். வேலி முருங்கை கறிக்கு இலை தரும். ஐயாயிரம் பேருக்கு உணவளிக்க வல்லவரான ஆண்டவரே, எஞ்சிய துண்டுகளைப் பன்னிரண்டு கூடைகளில் சேர்ப்பித்தார் அல்லவா?

சந்தைக்குப் புறப்படுமுன் அடுக்களையில் இருப்பதைப் பாருங்கள். பட்டியல் அதன் பின்னரே. புதிதாக வாங்கியதைப் பின்னால் வைத்துப் பழையதை முதலில் எடுங்கள். காணி இல்லையெனில் பழைய உரப்பையில் மண் நிரப்பி இரண்டு கத்தரிக் கன்றுகளை நடுங்கள். ஒரு காயை மட்டும் பறியாது விதைக்காகப் பழுக்க விடுங்கள். அவ்விதையில் பாதி அயல்வீட்டுக்கு.