கால்நடை மருந்தும் இரத்தத்திற் சேரும் அளவும்

நோயுற்ற மாட்டிற்கு மருந்து கொடுக்குங்கால், எவ்வளவு கொடுத்தோம் என்பதையே நாம் பெரும்பாலும் கவனிக்கிறோம். ஆயின், தீங்கு விளைவது இரத்தத்திற் கலந்த அளவையும், அது அங்கே தங்கிய நேரத்தையும் பொறுத்ததாகும். மாடுகளுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் மருந்து, அவற்றின் பிணத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து மாய்த்தமை 2004-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 2006-இல் இந்திய சர்க்கார் அதனைக் கால்நடைகளுக்கு விலக்கினர். மெலாக்சிகாம் என்னும் மருந்தோ கழுகின் உடம்பினின்றும் விரைவில் நீங்குவதால் தீங்கிழைப்பதில்லை.

அளக்கும் விதம்

புதிய மருந்தைப் பிராணிகளுக்குக் கொடுத்துப் பரீட்சிக்கையில், குறித்த மணிகளில் இரத்தம் எடுத்து, அதிலுள்ள மருந்தின் அளவை வரைபடத்திற் குறிப்பர். அக்கோட்டின்கீழ் அடங்கிய பரப்பே உடம்பு மருந்துக்கு உட்பட்ட மொத்த அளவாகும். கோணலான புலத்தைத் துண்டு துண்டாக அளந்து கூட்டும் சர்வே முறையைக் கிராம உத்தியோகஸ்தர்கள் அறிவார்கள், இதுவும் அதுவே.

உதாரணமாக, ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் தொடக்கத்தில் 0, முதல் மணியில் 8, 2-ஆம் மணியில் 6, 4-ஆம் மணியில் 2, 8-ஆம் மணியில் 0 மைக்ரோகிராம் இருப்பதாகக் கொள்வோம். அடுத்தடுத்த ஈரளவுகளின் சராசரியை இடைநேரத்தாற் பெருக்க, முறையே 4, 7, 8, 4 வரும். கூட்டுத்தொகை 23.

பிசகைக் கணித்தல்

சுண்டெலியின் உடம்பில் இரத்தம் சொற்பமாதலால், பலமுறை எடுத்தல் இயலாது. ஒவ்வொரு மணிக்கும் வெவ்வேறு எலிகளைக் கொண்டு சராசரி காண்பர். எலிக்கு எலி வித்தியாசம் உண்டாதலின், 23 என்பது எவ்வளவு நம்பத்தக்கது? இதற்குரிய முறையைப் பெய்லர் என்பவர் 1988-இல் வெளியிட்டார். ஒவ்வொரு சராசரியும், தன் இருபுறத்து இடைநேரங்களின் கூட்டுத்தொகையிற் பாதியாற் பெருகியே பரப்பிற் சேர்கின்றது. முதல் மணிக்கு அவ்வெண் 1. 4-ஆம் மணிக்கு 3. அந்தந்தச் சராசரியின் பிசகை அவ்வெண்ணாற் பெருக்கி, வர்க்கித்து, யாவற்றையும் கூட்டி, வர்க்கமூலம் கண்டால் மொத்தப் பிசகு கிட்டும். ஆகவே, 4-ஆம் மணியில் நேரும் பிசகு மும்மடங்காகப் பெருகும்; அங்கே எலிகளைக் குறைத்தால் கணக்கு முழுதும் ஐயத்திற்கிடமாகும்.

குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை

1. கால்நடை வைத்தியர் குறித்த அளவை மிஞ்சலாகாது.
2. மனிதருக்குரிய டைக்ளோபினாக் ஊசிமருந்தை மாட்டிற்குப் போடலாகாது. இதனைத் தடுக்கவே 2015-இல் அதன் குப்பி 3 மில்லிலிட்டருக்கு மேற்படலாகாதென விதிக்கப்பட்டது.
3. மருந்துண்ட மாடு இறப்பின், பிணத்தை வெளியில் எறியாது ஆழப் புதைக்க வேண்டும்.
4. மருந்துச் சீட்டிற் குறித்த நாட்கள் கழியும்வரை பாலை விற்கலாகாது.