கேம் கம்பெனி கைமாறினால் உங்கள் காசு என்ன ஆகும்?

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் திண்டுக்கல் வண்டிக்குக் காத்திருந்தபடி செல்போனில் ‘வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்’ ஆடும் பலருக்கு, அது சென்னையில் உருவான கேம் என்பது தெரியாது. அதை உருவாக்கிய நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியாவின் பெரும்பான்மைப் பங்குகளை 2017-18-ல் மும்பையின் நசாரா டெக்னாலஜிஸ் வாங்கியது. கேம் நிற்கவில்லை, 2020-ல் மூன்றாம் பதிப்பும் வந்தது.

எல்லாக் கைமாற்றமும் இப்படிச் சுமுகமாக முடிவதில்லை.

1997-ல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் என்ற கேம் ஸ்டுடியோவை 2016 இறுதியில் ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் வாங்கியது. வாங்கியவரே நிதி நெருக்கடியில் சிக்கியதால், 2019-ல் துருவா ராக்ஸ்டார் கேம்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஜப்பானின் டாங்கோ கேம்வொர்க்ஸ், 2021-ல் தன் தாய் நிறுவனத்தோடு சேர்ந்து மைக்ரோசாஃப்டிடம் வந்தது. 2023-ல் அது வெளியிட்ட ‘ஹை-ஃபை ரஷ்’ பெரும் பாராட்டைப் பெற்றது. ஆனாலும் 2024 மே மாதம் அந்த ஸ்டுடியோவை மூடுவதாக அறிவிப்பு வந்தது. பிறகு தென் கொரியாவின் கிராஃப்டான் அதை மீட்டெடுத்தது.

ஆடுபவருக்கு என்ன ஆபத்து?

காசு கொடுத்து வாங்கும் கேமும், அதற்குள் வாங்கும் காயினும் பெரும்பாலும் உங்கள் சொத்தல்ல. பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச்சில் ‘தி க்ரூ’ கேமின் சர்வர்களை நிறுத்தியபோது, முழு விலை கொடுத்தவர்களாலும் அதைத் திறக்க முடியவில்லை. இதற்குக் கைமாற்றம்கூடத் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உரிமையாளர் மாறும்போது விதிமுறைகளும் மாறலாம். ‘ஐ அக்ரீ’ பட்டனை அழுத்துமுன், கணக்கை யார் வைத்திருப்பார்கள், பணம் திரும்ப வருமா என்ற இரண்டு பகுதிகளையாவது படியுங்கள்.

உங்கள் தகவல்களும் கூடவே கைமாறலாம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் தேவை. விதிகள் 2025 நவம்பரில் வந்தாலும், முக்கியப் பிரிவுகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகே அமலாகும்.

வரைந்து கொடுத்தவருக்கு?

மதுரையில் வீட்டிலிருந்தபடியே கேம்களுக்குப் படம் வரைபவர், இசையமைப்பவர் கவனத்துக்கு: சம்பள ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்ததன் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே. ஃப்ரீலான்ஸர் என்றால், பொதுவாக எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாமல் உரிமை மாறாது; ஆனால் ஒருவர் கேட்டு, காசு வாங்கி வரைந்த ஓவியத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால் வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. ஸ்டுடியோவை வாங்கும் நிறுவனம் இந்த ஒப்பந்தக் காகிதங்களையும் தேடும். பாக்கியைக் கேட்க அதுவே நல்ல நேரம். குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால், 45 நாளைத் தாண்டிய பாக்கிக்கு அரசின் குறைதீர்ப்புத் தளத்தில் மனு செய்யலாம்.

எங்கே முறையிடுவது?

முதலில் ரசீதுகளையும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் சேமியுங்கள். அடுத்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மதுரையிலேயே வழக்குப் போட 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.