ரம்பத்தின் செங்குத்து

தறியில் பாவு கோணினால் துணியும் கோணும் என்பதை நெசவாளர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மரவேலைக் கூடத்திலும் அதே நியாயந்தான். பொம்மை, பெயர்ப்பலகை, சித்திரச் சட்டம் முதலியவற்றை வளைவு நெளிவாக அறுக்க உதவும் ஸ்குரோல் ரம்பத்தின் மெல்லிய பிளேடு, மேடைக்குச் செங்குத்தாக நில்லாவிடில் அறுப்பும் சாய்ந்துவிடும்.

ஒரு பாகைச் சாய்வு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆயினும் 25 மி.மீ. கனமுள்ள பலகையில் அது மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் ஏறத்தாழ 0.44 மி.மீ. வித்தியாசத்தை உண்டாக்கும். குழந்தைகளுக்கான புதிர்ப் பலகையை இவ்வாறு அறுத்தால், துண்டு ஒரு பக்கமாக மட்டுமே கழன்று வரும். மறுபக்கம் தள்ளினால் இறுகும். நான்கு மெல்லிய பலகைகளை அடுக்கி ஒருசேர அறுத்தால், மேற்பலகையின் உருவமும் அடிப்பலகையின் உருவமும் ஒவ்வாமற் போகும்.

சோதனைக்குமுன் மின்சார இணைப்பை நீக்குக. மேடையிலும் கவ்விகளிலும் படிந்த மரத்தூளைத் துடைத்து, பிளேடைப் பற்கள் கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்துக. பின்னர் அதை விறைப்பாக்குக. விரலால் சுண்டினால் தெளிவான ஓசை எழ வேண்டும். தளர்ந்த பிளேடு மரத்தினுள் வில்போல் வளையும். அந்நிலையில் மேடையை எவ்வளவு திருத்தினும் பயனில்லை. ஆதலால் முதலில் விறைப்பு, பின்னரே மட்டம்.

இனிச் சிறிய மூலைமட்டம் ஒன்றை மேடைமீது வைத்துப் பிளேடின் பக்கவாட்டில் ஒட்டிப் பார்க்க. இடையில் வெளிச்சம் மேலும் கீழும் ஒரே அளவாகத் தெரிதல் வேண்டும். இல்லையேல் மேடையின் திருகைத் தளர்த்திச் சரிசெய்து இறுக்குக. ரம்பத்தின் கையை மெல்ல மேலும் கீழும் அசைத்து மறுபடியும் நோக்குக. பிளேடு பக்கவாட்டில் விலகினால், மேற்கவ்வியும் கீழ்க்கவ்வியும் ஒரே நேரில் இல்லை என்று அறியலாம். முதலில் அவற்றைச் சீராக்க வேண்டும். மேடையிலுள்ள பாகை அளவை மட்டும் நம்புதல் தகாது. பிளேடு செங்குத்தாக நின்ற பின்னர், அதன் முள்ளைச் சுழியத்தில் வைத்துக்கொள்க.

முடிவான சாட்சி மரமே. சுமார் 40 மி.மீ. கனமுள்ள கழிவுக் கட்டை ஒன்றில் ஓரிரு மி.மீ. ஆழம் மட்டும் அறுத்து ரம்பத்தை நிறுத்துக. கட்டையைப் புரட்டாமல், அடிப்பக்கம் மேடையிலேயே இருக்க, பிளேடின் பின்புறம் கொண்டுசென்று, அறுத்த கீறல் பிளேடின் முதுகை நோக்குமாறு திருப்புக. பிளேடு தடையின்றிக் கீறலுள் நுழைந்தால் அது செங்குத்து. நுழையாவிடில், அங்கே காணும் வித்தியாசம் உண்மைச் சாய்வின் இருமடங்கு. ஆகவே பாதியளவே திருத்த வேண்டும்.

வேறொன்றையும் நினைவில் கொள்க. நேர்கோட்டில் தள்ளினாலும் அறுப்பு ஒரு பக்கமாக ஒதுங்குவதுண்டு. பிளேடு செய்யப்படும்போது பற்களின் ஒரு பக்கத்தில் தங்கிவிடும் பிசிறே பெரும்பாலும் இதற்குக் காரணம். இது மேடையின் குற்றமன்று. பலகையைச் சற்றே திருப்பிச் செலுத்தினால் போதும். மழுங்கிய பிளேடும், அவசரத்தில் அழுத்தித் தள்ளுவதும் நேரான மேடையிலும் சாய்ந்த அறுப்பையே தரும்.

கூட்டுறவுக் கூடத்தில் ஒருவர் அறுக்க, மற்றொருவர் தேய்க்க, வேறொருவர் பொருத்துகிறார். முதல்வர் கவனியாது விட்ட சாய்வு, கடைசியில் பொருத்துபவரின் நேரத்தையும் கூலியையும் தின்னும். கழிந்த மரமோ சங்கத்தின் நஷ்டம். பிளேடு மாற்றும்போதும், மேடையைச் சாய்த்து வேலை செய்து மீண்டும் நிமிர்த்தும்போதும் இச்சோதனையைச் செய்துவிடுக. சில நிமிஷங்களே ஆகும். அடுத்தவர் கைக்குச் செல்லும் துண்டு நேராகச் செல்வதே கூட்டுவேலையின் முதற்கடமை என்போம்.