பத்திரப் புத்தகங்களுக்கு நடுவே ஒரு கொண்டாட்டம்

வாங்க, வாங்க, உள்ளே விட்டுட்டாங்க! வர்ஜீனியாவின் பழைய கவுண்டி நீதிமன்றம் ஒன்றின் பதிவறை இது. முன்னோரைத் தேடி வந்திருக்கும் ஒரு பாட்டியோடும் அவர் பேரனோடும் நானும் ஒட்டிக்கொண்டேன்.

வெளியே வெள்ளைத் தூண்கள் பளபளக்கின்றன. உள்ளே கை வைக்க இடமில்லை. மேசை முழுக்கப் பென்சில், ரப்பர், பூதக்கண்ணாடி, கசங்கிய காகிதம். இரும்பு அலமாரியிலிருந்து ஒரு பத்திரப் புத்தகத்தை இறக்குவதற்குள் பேரனுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. தோல் அட்டை உதிர்ந்து சட்டையெல்லாம் செம்புழுதி. "நாங்க யாரும் வெள்ளைச் சட்டை போட மாட்டோம்" என்று சிரிக்கிறார் பதிவறை ஊழியர்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பல கவுண்டிகள் பாதுகாப்புக்காகத் தங்கள் புத்தகங்களை ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் எரிந்தபோது அவையும் சாம்பலாயின. "எங்க புத்தகம் ஊரை விட்டு நகரவே இல்லை!" ஊழியர் குரலில் அத்தனை பெருமை.

இதோ, பாட்டியின் மூதாதை நிலம் விற்ற பத்திரம். ஓடைக்கரை வெள்ளை ஓக்கில் தொடங்கும் எல்லை, 120 போல் தள்ளி ஒரு ஹிக்கரி மரத்தில் திரும்புகிறது. 'போல்' என்பது பழைய நீள அளவு; ஒரு போல் 16.5 அடி. பேரன் கோணமானியை வைத்து வரைய, கடைசிக் கோடு ஓக் மரத்துக்கு வராமல் எங்கோ ஓடுகிறது! பூதக்கண்ணாடி கைமாறுகிறது. கிழக்கை மேற்காகப் படித்திருக்கிறான். அழித்து மறுபடி வரைகிறான். கோடு வந்து சேர்ந்ததும் முன்பின் தெரியாதவர்கள்கூடக் கைதட்டுகிறார்கள்.

அதே பத்திரத்தில் மனைவியின் சம்மதமும் இருக்கிறது. கணவர் இல்லாமல் தனியாக விசாரித்து வாங்கிய சம்மதம். பெயர் கிடைத்துவிட்டது, பிறந்த வீடு தெரியவில்லை. "பக்கத்து நிலக்காரரைப் பாருங்க" என்கிறார் ஊழியர். விற்றவர் பெயர்ப் பட்டியலில் விரல்கள் ஓடுகின்றன. அகப்பட்டது! மகள்மேல் உள்ள பாசத்துக்காகவும் 5 ஷில்லிங்குக்காகவும் அந்தப் பக்கத்து நிலக்காரர் எழுதிய தானப் பத்திரம். மருமகன் நம் பாட்டியின் மூதாதையேதான்! பாட்டி பேரனின் கன்னத்தைக் கிள்ளுகிறார்.

அடுத்த மேசை இளைஞரின் தேடல் கனமானது. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த அவர் முன்னோரின் பெயர்கள் மாடுகளோடும் கட்டில்களோடும் சொத்தாக எழுதப்பட்டிருக்கின்றன. அவர் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்து எழுதிக்கொள்கிறார். பாட்டி தன் பூதக்கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்துகிறார்.

நிலம் விற்றவர் மட்டுமா, மனைவி, மாமனார், சங்கிலி பிடித்து அளந்தவர்கள் என எத்தனை பேர் இந்த எல்லைக்குள்! பாட்டிக்கு இதுவும் போதவில்லை. ரிச்மண்டில் உள்ள வர்ஜீனியா நூலகத்தில் 1620களிலிருந்தே காலனியின் நிலப் பட்டாக்கள் இருக்கின்றன. கடல் தாண்டி அழைத்துவந்த ஆளுக்கு 50 ஏக்கர் என்ற கணக்கில், வந்தவர்களின் பெயரும் அவற்றில் உண்டு. "நாளைக்குக் காலையில கிளம்பணும், கறுப்புச் சட்டை எடுத்து வை" என்று பேரனுக்கு உத்தரவு போட்டாயிற்று. நானும் கூடவே போகிறேன்!