ஃபோன் தொலைஞ்சா அக்கவுண்ட்டும் தொலைஞ்சதா?

இந்த எபிசோடில் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கப் போறேன். ஈரோட்டிலிருந்து ஒரு நேயர் குரல் செய்தி அனுப்பியிருந்தார். பஸ்ஸில் ஃபோன் திருட்டுப் போயிடுச்சு. பாஸ்வேர்டு நல்லா ஞாபகம் இருக்கு. புது ஃபோன் வாங்கி ஜிமெயிலைத் திறந்தால், பழைய ஃபோனில் இருக்கும் கோடைக் கேட்குது. அவருடைய துணி வியாபாரத்தின் ஆர்டர், பில் எல்லாம் அந்த மெயிலில்தான் இருக்கு. "என் அக்கவுண்ட்டுக்குள்ள என்னையே விடமாட்டேங்குது, இனிமே என்ன பண்றது?" என்று கேட்டிருந்தார்.

'ஃபோன் போச்சு' என்று ஒரே வார்த்தையில் சொல்லிடுறோம். ஆனால் அதோடு மூணு தனித்தனிச் சாவிகள் போயிருக்கலாம். ஒன்று, எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வரும் சிம். இரண்டு, ஆறு இலக்க எண் காட்டும் ஆதென்டிகேட்டர் ஆப். மூன்று, 'உள்ளே நுழைவது நீங்களா?' என்று கேட்டு 'ஆம்' அழுத்தச் சொல்லும் அந்த ஃபோனேதான். மூன்றையும் மீட்கும் வழி வேறவேற. எது உங்களைத் தடுக்குதுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த அடி வைக்க முடியும்.

முதலில் சிம்

திருடியவர் சிம்மைக் கழற்றி வேற ஃபோனில் போட்டால் உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். அதனால் அக்கவுண்ட்டை மீட்பதற்கு முன்னாடியே, வீட்டில் இருக்கும் வேற ஃபோனிலிருந்து கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு சிம்மை பிளாக் பண்ணுங்க. பேங்குக்கும் சொல்லிடுங்க. போலீஸ் புகார் நகல் வாங்கி, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஃபோனின் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து ஃபோனையே முடக்கலாம். அந்த எண் ஃபோன் வந்த பெட்டியில் இருக்கும்.

அடையாள அட்டையோடு போனால் அதே நம்பரில் புது சிம் கிடைச்சிடும். ஆனால் கையில் வந்ததும் ஓடிபி வரலைன்னு பதற வேண்டாம். சிம் மாற்றியதும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லி 2022-இல் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. யாராவது உங்கள் பெயரில் போலியாக சிம் வாங்கினாலும், உடனே ஓடிபி எடுத்துப் பணத்தைச் சுருட்டிடக் கூடாது என்பதற்காக. ஒரு நாள் பொறுத்தால் எஸ்எம்எஸ் ஓடிபி கேட்கும் அக்கவுண்ட்டுகள் திறந்துடும்.

ஆப் ஏன் சிம்மோடு திரும்பி வராது?

இங்கேதான் நிறைய பேர் குழம்புறாங்க. புது சிம் போட்டு, ஆப்பை மறுபடியும் இன்ஸ்டால் பண்ணா உள்ளே ஒண்ணுமே இருக்காது.

காரணம் சொல்றேன். முதல் நாள் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தீங்களே, அப்போது ஒரு ரகசிய எண் உங்கள் ஃபோனுக்குள் பதிவாகிவிட்டது. அதன் பிரதி கம்பெனியின் சர்வரில் இருக்கு. அந்த ரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து இரண்டு பக்கமும் ஒரே கணக்கைப் போடுகின்றன. வழக்கமாக 30 விநாடிக்கு ஒரு முறை விடை மாறும். விடை பொருந்தினால் கதவு திறக்கும். இதில் சிம்முக்கும் இன்டர்நெட்டுக்கும் வேலையே இல்லை. ஃபிளைட் மோடில் போட்டுப் பாருங்க, அப்பவும் எண் ஓடிக்கிட்டே இருக்கும். அதனால் ஃபோன் போனால் ரகசியமும் போச்சு.

கூகுள் ஆதென்டிகேட்டரில் 2023 ஏப்ரல் முதல் இந்த ரகசியங்களைக் கூகுள் அக்கவுண்ட்டில் சேமித்து வைக்கும் வசதி வந்தது. அது ஆனில் இருந்தால் புது ஃபோனிலும் எல்லாம் வந்துடும். ஆனால் அந்தக் கூகுள் அக்கவுண்ட்டுக்குள் போகவே அந்த ஆப்தான் வேணும்னா? பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

இப்போது என்ன செய்யலாம்?

முதலில், ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் கம்ப்யூட்டரோ டேப்லெட்டோ இருக்கான்னு பாருங்க. இருந்தால் எக்காரணம் கொண்டும் லாக் அவுட் பண்ணாதீங்க. பிரவுசர் ஹிஸ்டரி, குக்கீ எதையும் அழிக்காதீங்க. அதில் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய்ப் பழைய ஃபோனை நீக்கி, புது ஃபோனைச் சேர்க்கப் பாருங்க.

அடுத்து, பேக்கப் கோடுகள். கூகுள் எட்டு இலக்கத்தில் பத்து கோடுகள் கொடுக்கும். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். எப்பவோ டவுன்லோட் பண்ணி மறந்திருக்கலாம். கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் பழைய டைரியையும் தேடுங்க.

இரண்டுமே இல்லைன்னா, அக்கவுண்ட் ரெகவரி. அதை வழக்கமாக லாகின் செய்யும் இடத்திலிருந்து, அதே கம்ப்யூட்டரில், அதே பிரவுசரில் செய்யுங்க. தெரியாத ஊரில் பிரவுசிங் சென்டரிலிருந்து வரும் கோரிக்கையைவிட இதை நம்புவதற்குக் காரணம் அதிகம். பதில் வர நாள் கணக்காகலாம். வாட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் பின்னை மறந்து, மெயிலும் கொடுத்து வைக்கலைன்னா ஏழு நாள் காத்திருக்கணும். கிட்ஹப் மாதிரி சில இடங்களில், மீட்பு வழி ஒண்ணுமே இல்லைன்னா அக்கவுண்ட் திரும்பாமலே போகலாம்.

கோபம் வரும், நியாயம்தான். ஆனால் ஆதார் நகலும் அழுகையும் போதும் என்று ஒரு ஊழியர் கதவைத் திறந்துவிட்டால், அதே நகலோடு உங்கள் ஃபோனைத் திருடியவரும் பேசலாம். காத்திருக்கும் நாட்களில் உங்கள் மற்ற மெயிலுக்கு எச்சரிக்கை போகும். கேட்பவர் வேற ஆள் என்றால் நீங்கள் தடுக்கலாம்.

இந்த நேரத்தில் இன்னொரு கூட்டமும் வரும். 'அக்கவுண்ட்டை மீட்டுத் தர்றேன், இவ்வளவு பணம் அனுப்புங்க' என்று கமென்ட்டில் எழுதுவாங்க. அவர்களால் எந்தப் பூட்டையும் திறக்க முடியாது. பணம் போயிடுச்சுன்னா உடனே 1930-க்குக் கூப்பிடுங்க.

ஃபோன் கையில் இருக்கும் நேயர்களுக்கு இன்று பத்து நிமிட வேலை. மெயில் அக்கவுண்ட்டின் பேக்கப் கோடுகளை எடுத்து, பேப்பரில் எழுதி, ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் இடத்தில் வைங்க. ரெகவரி நம்பர் இப்போது உங்களிடம் இருக்கும் நம்பர்தானா என்று பாருங்க. முடிந்தால் வீட்டில் இன்னொரு சாதனத்திலும் லாகின் செய்து வைங்க. மெயிலை முதலில் முடிங்க, ஏன்னா மற்ற அக்கவுண்ட்டுகளை மீட்கும் லிங்க் பெரும்பாலும் அங்கேதான் வரும். ஈரோட்டு நண்பரே, கடைக் கம்ப்யூட்டரில் ஜிமெயில் திறந்திருக்கான்னு முதலில் பாருங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.