இலையில் தெரிவது பூசணமா, முட்டையா? பருத்தியைக் காக்கும் கண்ணாடிப் பூச்சி

விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டு வரப்பில் எருக்கஞ்செடி நின்றால், அதைச் சுற்றி ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று சாவகாசமாகப் பறக்கும். வெந்தய வரியன் என்று பெயர். நாலடி தள்ளி, பருத்திச் செடியில் இன்னொரு பூச்சி இருக்கும். பகலில் யார் கண்ணிலும் படாது. வெளிர்பச்சை உடம்பு, பொன்னிறக் கண், வலை பின்னியதுபோல நரம்போடிய இறக்கை. பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி இதுதான். ராத்திரி லைட்டைத் தேடி வீட்டுக்குள் வந்தால், 'ஏதோ கொசு' என்று தட்டி விட்டுவிடுவோம்.

வெந்தய வரியனுக்கு நிறம் தருபவை, இறக்கையில் ஓடு வேய்ந்தாற்போல அடுக்கிய செதில்கள். தொட்டால் விரலில் ஒட்டுகிற பொடி அதுதான். கண்ணாடிப் பூச்சிக்கு அது கிடையாது.

ஆனால், அதன் பழைய சொந்தங்களுக்கு இருந்திருக்கிறது! வடகிழக்குச் சீனாவில் கிடைத்த, டைனோசர் காலத்துப் புதைபடிவங்களை ஆராய்ந்த கட்டுரை 2016-ல் வெளியானது. கலிகிராமாட்டிட் எனும் அந்தப் பூச்சிகளுக்குச் செதிலும், இறக்கையில் கண் போன்ற புள்ளியும், உறிஞ்சுகுழலும் இருந்தன. தென் அமெரிக்க வெப்பக் காடுகளில் இன்றிருக்கும் ஆந்தை வண்ணத்துப்பூச்சிக்கும் இதே அமைப்புதான். இரண்டும் நெருங்கிய உறவல்ல. செடியின் இனிப்புச் சாறு குடிக்கிற பிழைப்பு ஒன்றாக இருந்ததால் உருவமும் ஒத்துப்போனது.

சரி, விவசாயிக்கு இதில் என்ன? விஷயம் புழுவில் இருக்கிறது. வெந்தய வரியனின் புழு எருக்கிலையைத் தின்று, அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். கொத்திய பறவை மறுபடி கிட்டே வராது. கண்ணாடிப் பூச்சியின் புழுவோ இலையைத் தொடாது. அரிவாள் போன்ற தாடையால் அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன், காய்ப்புழுவின் முட்டை எனக் கிடைத்ததைக் குத்தி உறிஞ்சிவிடும். பசித்தால் கூடப்பிறந்ததையும் விடாது. அதனால்தான் தாய்ப்பூச்சி ஒவ்வொரு முட்டையையும் தனித்தனி இழையின் நுனியில் வைக்கிறது.

இங்கேதான் தப்பு நடக்கிறது. மயிரிழை மேல் நிற்கும் அந்த முட்டைகளைப் பார்த்து, "இலையில பூசணம் பூத்திருக்கு, மருந்தடிக்கணும்" என்று கிளம்பிவிடுகிறார்கள். பைரித்ராய்டு வகை மருந்தை அடிக்கடி அடித்தால் காவல் பூச்சிகள் முதலில் சாகும். வெள்ளை ஈ பெருகிவிடும்.

பருத்தியோடு தட்டைப்பயறும் போடச் சொல்வது இதற்காகத்தான். பயறில் ஏறும் அசுவினி, கண்ணாடிப் பூச்சிக்கும் பொறிவண்டுக்கும் சாப்பாடு. அங்கே பெருகிய பூச்சிகள் பருத்திக்கும் வரும்.