கைத்தொலைபேசி மின்கலம்: கவனமாகக் கையாள்வோம்

வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரல், வங்கியின் குறுஞ்செய்தி, வேலைக்கான அழைப்பு எல்லாமே இன்று கைத்தொலைபேசி வழியாகத்தான் எங்களை வந்தடைகின்றன. தனியே குடும்பப் பாரத்தைச் சுமக்கும் பெண்ணுக்கு அது பழுதானால் புதிது வாங்குவது எளிதல்ல. தீப்பற்றினாலோ இழப்பு அதைவிடப் பெரிது. ஆகவே அதனுள் இருக்கும் மின்கலத்தை, அதாவது பற்றரியைப் பற்றி அறிந்திருப்பது அவசியம்.

ஏன் தீப்பற்றுகிறது?

இப்போதைய தொலைபேசிகளில் இருப்பது இலிதியம் அயன் மின்கலம். இது 1991இல் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. இதனுள் நேர், மறை என்னும் இரு தகடுகளை ஒரு மெல்லிய படலம் பிரிக்கிறது. இடையே எளிதில் தீப்பற்றும் திரவம் உண்டு. மின்கலம் நசுங்கினாலோ, துளைபட்டாலோ, அதிகம் சூடேறினாலோ அப்படலம் கெட்டு, வெப்பம் தானாகவே பெருகித் தீயாகிறது. பெரிய நிறுவனமான சம்சுங்கே 2016இல் மின்கலக் குறைபாட்டால் சுமார் 25 இலட்சம் தொலைபேசிகளைத் திருப்பியழைக்க நேர்ந்தது.

மின்னேற்றும்போது

* தலையணை, மெத்தை, நுளம்பு வலை, தறப்பாள், கிடுகு ஆகியவற்றுக்கு அருகில் வைக்காதீர்கள். சீமெந்துத் தரையே பாதுகாப்பானது.
* எல்லோரும் உறங்கும் நேரத்தில் மின்னேற்றுவதைத் தவிருங்கள்.
* வயர் வெடித்த, தரம் குறைந்த சார்ஜரைப் பாவிக்க வேண்டாம். சுவரில் வருவது 230 வோல்ற்று மின்சாரம். ஈரக்கையால் தொடாதீர்கள்.
* வெயிலிலும் அடுப்படியிலும் தொலைபேசியை வைக்காதீர்கள்.

புதிய தொலைபேசியை எட்டு மணிநேரம் சார்ஜ் செய்ய வேண்டும், முற்றாக இறங்கிய பின்பே ஏற்ற வேண்டும் என்பவை பழைய வகை மின்கலங்களுக்குச் சொல்லப்பட்டவை. இலிதியம் மின்கலத்தை முற்றாக இறங்க விடாமல் இடையிடையே ஏற்றினால் அது நீண்டகாலம் உழைக்கும்.

மின்கலம் வீங்கினால்

உள்ளே வாயு சேர்வதாலேயே அது வீங்குகிறது. உடனே பாவனையை நிறுத்துங்கள். அழுத்தவோ, ஊசியால் குத்தவோ கூடாது. திருத்துநரிடம் கொடுத்து மாற்றுங்கள். கழற்றிய மின்கலத்தைத் திறப்பு, சில்லறைக் காசுகளோடு ஒரே பையில் போடாதீர்கள். அதன் முனைகளில் உலோகம் பட்டால் சூடேறும். முனைகளை ஒட்டுநாடாவால் மூடி வையுங்கள். முற்றம் கூட்டி எரிக்கும் குப்பையில் மின்கலத்தை ஒருபோதும் போடாதீர்கள். அது வெடிக்கும்.

தெரியாத பொருளைக் கண்டால் தொடாதே என்று கண்ணிவெடி விழிப்பூட்டலில் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். பழைய மின்கலத்தைக் கழற்றி விளையாடும் பிள்ளைக்கும் அதே பாடத்தைச் சொல்லிக் கொடுப்போம்.

விபத்து நேர்ந்தால்

புகை வந்தால் முதலில் பிள்ளைகளை வெளியேற்றுங்கள். அந்தப் புகை நஞ்சு. சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் பிரதான சுவிட்சை நிறுத்திய பின், தூர நின்று நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். தீ பெரிதானால் வெளியேறி உதவி கேளுங்கள். தீக்காயத்தை 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் பிடியுங்கள். பற்பசையோ எண்ணெயோ பூச வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். இந்த இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக்கி வையுங்கள்.